லயத்து அறையில் ஒலிப்பதிவு: ஒரு தப்பு, ஒரு குரல், ஒரு லினக்ஸ் கணினி

டிக்கோயாவில் ஒலிப்பதிவு வேலை கூரையில் தொடங்குகிறது. லயத்துத் தகரத்தில் மழை கொட்டும்போது பதிந்த குரலிலிருந்து மழையைப் பிரித்தெடுக்கப் போனால் குரலும் சேர்ந்து சிதையும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தை விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு வெளுக்கும். மாசியில் நடக்கும் காமன் கூத்தும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. எனவே பாடவும் அடிக்கவும் தை, மாசியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்கள் கணினியைப் பழகவும், பதிந்ததைத் திருத்தவும் இருக்கட்டும்.

இந்த அத்தியாயத்தின் இலக்கு சிறியது. பழைய லெப்டொப் ஒன்று, ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஒலிப்பெட்டி, ஒரு ஹெட்போன், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம். இவ்வளவையும் வைத்து தப்பு என்னும் தோற்கருவி ஒன்றையும் ஒரு குரலையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து, சேர்த்து, பிறர் கேட்கும்படி ஒரு பாட்டாக வெளியே கொடுக்கப்போகிறோம். கீபோர்டு, கிட்டார், பத்துப் பதினைந்து ட்ராக் எல்லாம் பிறகு வரட்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகப் பதியத் தெரிந்தவருக்கு மற்றவை தானாக வசப்படும்.

இந்த வேலை ஏன் அவசரம் என்று ஒரு வார்த்தை. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். ஹட்டனில் இருந்து தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டி அச்சிட்டார், கூட்டங்களில் தாமே பாடினார். இவை நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஆனால் அச்சில் சொல்தான் நிற்கும். அடியின் கடைசியில் குரல் எவ்வளவு இழுத்தது, தப்பு எந்த இடத்தில் ஏறியது, பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்கினார் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றின் பாட்டுகளை முழுதாகத் தெரிந்தவர்கள் தோட்டந்தோறும் குறைந்துவருகிறார்கள். அவர்கள் குரல் இருக்கும்போதே பதிய வேண்டும். அதற்கு இன்று கொழும்பு ஸ்டூடியோ தேவையில்லை.

காம்பிராவைத் தயார்செய்தல்

லயத்துக் காம்பிராவில் மூன்று தொல்லைகள் உண்டு. வெறுஞ்சுவரில் குரல் மோதித் திரும்பும். பக்கத்துக் காம்பிராவின் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும். மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓர் இரைச்சலை மைக் வயரில் ஏற்றிவிடும்.

முதல் தொல்லைக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. மலைநாட்டில் கம்பளி இல்லாத வீடு இல்லை. பாடுபவரின் முதுகுப் பக்கச் சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். மைக் எதைப் பார்க்கிறதோ அந்தச் சுவர்தான் முக்கியம். மைக் பாடுபவரைப் பார்க்கிறது. ஆகவே அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரை முதலில் மூட வேண்டும். பலரும் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரை மூடிவிட்டு எதிரொலி குறையவில்லையே என்று திகைப்பார்கள். சுவரில் ஒட்டும் முட்டை அட்டையால் பயன் மிகக் குறைவு. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவதற்கு நேரந்தான் வழி. வேலை நாளில் எல்லாரும் மலைக்குப் போன பிறகு லயம் அமைதியாக இருக்கும், ஆனால் பாடுகிறவர்களும் மலையில் இருப்பார்கள். போயா விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் காலை நேரத்தைப் பிடியுங்கள். பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லுங்கள். பாடப்போவது யார் என்று தெரிந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர்களே வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள்.

மூன்றாவதற்குச் சார்ஜரைக் கழற்றுங்கள். லெப்டொப் தன் பற்றரியில் ஓடினால் அந்த இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. பழைய லெப்டொப் வாங்குகிறவர் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்க வேண்டிய காரணம் இதுதான்.

எந்த லினக்ஸ்

லினக்ஸில் பல வகைகள் உண்டு. இசைக்காகவே தயாரித்து வைத்தது உபுண்டு ஸ்டூடியோ. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. ஒலிப்பதிவுக்கு வேண்டிய மென்பொருள்களும், ஒலிக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்புகளும் அதில் ஏற்கெனவே இருக்கும். புதியவருக்கு நான் சொல்வது அதையே. 4 கிகாபைட் ராம் உள்ள பழைய கணினி அதில் திணறினால், ஸுபுண்டு போல் இலேசான ஒன்றை நிறுவி, பதிந்து சேர்க்க ஆர்டோர், வெட்டித் திருத்த ஓடாசிட்டி, தாளத்துக்கு ஹைட்ரஜன் ஆகிய மூன்று மென்பொருள்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ராம் 8 கிகாபைட்டும், சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் கவலையே இல்லை.

இறக்கும் கோப்பு சில கிகாபைட் வரும். கைபேசி டேட்டாவில் இறக்கினால் ரீலோட் காசு கரைந்துவிடும். ஊரில் ஒருவர் இறக்கினால் போதும். மற்றவர்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்க உரிமமே அனுமதிக்கிறது. பூட்டு உடைத்த ஸ்டூடியோ மென்பொருளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்படுத்தும் நம் பிள்ளைகள் இதை நன்றாக மனதில் வாங்க வேண்டும். அந்த மென்பொருள் எந்த நாளும் நின்றுபோகலாம். வைரஸையும் கூடக் கொண்டுவரலாம். பாதி முடிந்த பாட்டு உள்ளே சிக்கிக்கொண்டால் எடுக்க வழியில்லை. ஆர்டோரில் உங்கள் பதிவுகள் சாதாரண ஒலிக் கோப்புகளாகவே கோப்புறையில் கிடக்கும். நாளைக்கு ஆர்டோரே இல்லாமல் போனாலும் அவற்றை வேறு எதிலும் திறக்கலாம்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் ஒலிப்பெட்டியைக் கணினி கண்டுகொள்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் மட்டும் வன்தட்டில் நிறுவுங்கள். பழைய படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகே அந்த வேலையில் கைவையுங்கள்.

ஆர்டோரைப் பற்றி ஒரு விளக்கம். பால் டேவிஸ் என்பவர் தொடங்கி இன்றுவரை வளர்த்துவரும் மென்பொருள் அது. அதன் தளத்தில் நேரே இறக்கப் பணம் கேட்கும். உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் அதே ஆர்டோர் இலவசமாக இருக்கிறது, மென்பொருள் நிலையத்தில் தேடி நிறுவலாம். இரண்டும் முறையான வழிகளே. பின்னாளில் பாட்டால் நாலு காசு வந்தால் ஆர்டோரைச் செய்தவர்களுக்கு ஒரு பங்கு அனுப்புங்கள்.

தாமதம் என்னும் தலைவலி

லினக்ஸ் ஒலிப்பதிவில் புதியவர்கள் பயந்து திரும்பும் இடம் இதுதான். பொறுமையாகப் படித்தால் ஒரே நாளில் பிடிபடும்.

மைக்கில் வந்த ஒலியைக் கணினி துண்டு துண்டாக வாங்குகிறது. கருவியோடு பேசுவது அல்சா. அதற்கு மேலே நின்று மென்பொருள்களுக்கிடையில் ஒலியைக் கடத்துவது ஜாக். பால் டேவிஸ் எழுதியதே அதுவும். இப்போதைய பதிப்புகளில் ஜாக்கின் வேலையையும் சாதாரணக் கணினி ஒலியையும் பைப்வயர் என்ற ஒன்றே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஆகையால் புதிய உபுண்டு ஸ்டூடியோவில் ஜாக்கைத் தனியே இயக்கத் தேவையில்லை.

துண்டு பெரிதாக இருந்தால் கணினிக்கு வேலை சுலபம், ஆனால் ஒலி பிந்தி வரும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 1024 மாதிரி கொண்ட துண்டு ஒன்று 21 மில்லிநொடி. 256 என்றால் 5 மில்லிநொடி. 128 என்றால் 3 மில்லிநொடிக்கும் குறைவு. உள்ளே போவதும் வெளியே வருவதும் சேர்ந்தால் இது இரட்டிப்பாகும், சற்று மேலும் ஆகும். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. 21 மில்லிநொடி பிந்தினால், தப்படிப்பவர் ஏழு மீட்டர் தள்ளி நின்று அடிப்பது போல. கூத்தில் அந்தத் தூரத்துக்குப் பாடி ஈடுகொடுப்பார்கள், ஆனால் தன் குரலே தன் காதில் அவ்வளவு பிந்தி வந்தால் எந்தப் பாடகருக்கும் பாட்டு குழம்பும்.

இதற்கு என் தீர்ப்பு: முதல் ட்ராக்கைப் பதியும்போது தாமதத்தைப் பற்றி எண்ணவே வேண்டாம். 1024-லேயே விடுங்கள், பதிவு சொட்டுச் சத்தம் இல்லாமல் வரும். தப்பைக் கேட்டபடி மேலே குரல் பதியும்போது, ஒலிப்பெட்டியில் நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதைத் திருப்பிவிடுங்கள். குரல் கணினிக்குள் போய் வராமல் ஹெட்போனுக்கு நேரே வரும், தாமதம் இருக்காது. அந்த வசதி இல்லாவிட்டால் மட்டும் 256-க்கு இறக்குங்கள். ஆர்டோரின் மேல் பட்டையில் எக்ஸ்ரன் எண்ணிக்கை ஏறினால், கணினி ஒரு துண்டைத் தவறவிட்டது என்று பொருள். அப்போது ஒரு படி கூட்டுங்கள், உலாவியை மூடுங்கள், வைஃபையை அணையுங்கள்.

மைக்கும் ஒலிப்பெட்டியும்

ஒலிப்பெட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தனி டிரைவர் இல்லாமல் யூ.எஸ்.பி.யில் செருகியதும் ஓடுமா? ஐபேட்டில் அப்படியே ஓடும் பெட்டி பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக்கு லினக்ஸ் கருவிலேயே ஆதரவு இருக்கிறது. இரண்டு உள்ளீடுகள் போதும்.

மைக்கில் கண்டன்சர் வகை நுணுக்கமானது, அந்த நுணுக்கமே லயத்தில் பிரச்சினை. மூன்று காம்பிரா தள்ளி அழும் குழந்தையையும் அது பதியும். மேடைப் பாடகர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை முதலில் வாங்குங்கள். ஈரத்துக்கும் அடிக்கும் தாங்கும், தப்புக்கும் குரலுக்கும் அதுவே உதவும். எதுவும் வாங்க முடியாதவர் கைபேசியில் வேவ் வடிவில் பதியும் செயலி ஒன்றைப் போட்டு, கோப்பைக் கணினிக்கு மாற்றி, மீதி வேலையை ஆர்டோரில் செய்யலாம். அப்படிப் பதிந்ததும் நல்ல பதிவுதான்.

தப்பு

விடியலில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்பு, சாவுக்கும் சாமிக்கும் முழங்குவதும் தப்பு. அடிப்பவரை ஒதுக்கிவைத்த வரலாறும் இதே தப்போடுதான் வருகிறது. ஆகவே கருவியைச் செருகுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அவருக்கு என்ன கூலி என்று பேசி முடியுங்கள். பாட்டு வெளிவரும்போது அவர் பெயரை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ‘பின்னணித் தாளம்’ என்று பெயரில்லாமல் போடுவது பழைய அநியாயத்தை நீட்டுவதாகும்.

தப்பை உள்ளே பதிய வேண்டாம். சிறு காம்பிராவில் அதன் ஒலி சுவரில் மோதிக் கலங்கும். இஸ்தோப்புக்கு வெளியே, காற்று அடங்கிய இடத்தில் நில்லுங்கள். தோலைத் தீயில் காய்ச்சியபின் ஒலி கணீரென்று ஏறும், மூடுபனியில் சீக்கிரமே இறங்கும். அதனால் தீயைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முன் ஓர் அடி அடித்து, முந்திய பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தளர்ந்த தோலில் பதிந்ததைக் கணினியில் இறுக்க முடியாது.

மைக்கைத் தோலுக்கு நேர் எதிரே வைத்தால் அடித்த காற்றே முட்டும். முக்கால் மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். தடித்த குட்டைக் குச்சியின் கனமும், மெல்லிய நீளக் குச்சியின் துடிப்பும் சமமாகக் கேட்கும் இடத்தை ஹெட்போன் போட்டுக்கொண்டு நகர்ந்து நகர்ந்து தேடுங்கள். அளவு வைக்க, “எவ்வளவு பலமா அடிப்பீங்களோ அவ்வளவு அடிங்கண்ணே” என்று கேளுங்கள். அந்த அடிக்கு ஆர்டோரின் மானி மைனஸ் 12 டெசிபெலைத் தொட்டால் சரி. ஆட்டம் சூடேறினால் அவர் அதைவிட ஓங்கி அடிப்பார். அந்த 12 டெசிபெல் அதற்காக விட்ட இடம். 24 பிட்டில் பதியும்போது மெதுவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். பூச்சியத்தைத் தாண்டி வெட்டுப்பட்டது திரும்பாது.

மெட்ரோனோம் போடாதீர்கள். கூத்துப் பாட்டு கதையோடு சேர்ந்து வேகம் பிடிக்கும். காமன் கூத்தில் ரதி புலம்பும் இடத்தில் தளர்ந்து, மதன் எரியும் இடத்தில் பறக்கும். அதை இயந்திரத் தாளத்தில் கட்டினால் கூத்து போய்விடும். பின்னால் கீபோர்டு சேர்க்க விரும்பினால், ஆர்டோரின் 8-ஆம் பதிப்பில் தாளக் கோட்டை இழுத்து அவர் அடித்த அடிக்குப் பொருத்தலாம். கணினி மனிதரின் தாளத்துக்கு வரட்டும்.

குரல்

பாடகர் அம்மாச்சியாக இருந்தால் ஹெட்போனைக் கண்டதும் கூசுவார். ஒரு காதில் மட்டும் போட்டு, மறு காதைத் திறந்துவிடுங்கள். சுருதி கொடுத்துப் பாடச் சொல்ல வேண்டாம். அவர் தாமாக எடுக்கும் சுருதியைக் கேட்டு, மற்றக் கருவிகளை அதற்கு ஏற்றுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கமாக மைக் இருந்தால் மூச்சுக்காற்று முட்டாது.

ஒப்பாரியைப் பதிய ஆசைப்படுகிறவர்களுக்கு: சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பதைப் பலர் அபசகுனமாக நினைக்கிறார்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வெளியே ஒரு மரத்தடியில் பாட இசைபவர்கள் உண்டு. சொல்லை மட்டும் சொல்லித்தர இசைபவர்களும் உண்டு. அவர் சம்மதித்த அளவே உங்கள் அளவு. தாலாட்டுக்கு இந்தத் தடையில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாடட்டும். பிள்ளையின் சிணுங்கலும் சேர்ந்து பதியட்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தோட்டம், டிவிஷன், திகதி, பாடுபவர் பெயர், பாட்டு எவரிடம் கேட்டது என்பதைப் பேசிப் பதியுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகும். குரலில் சொன்னது கூடவே இருக்கும்.

ஆர்டோரில் சேர்த்தல்

புதிய செஷன் திறந்து 48,000 ஹேர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைத் தட ஒலி ட்ராக் இரண்டு சேருங்கள். பதிய வேண்டிய ட்ராக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மேலே உள்ள பெரிய சிவப்புப் பொத்தானையும் அழுத்தி, ஓடவிட்டால் பதிவாகும். இவ்வளவுதான். பதிந்ததை வெட்டினாலும் மூலக் கோப்பு அழியாது. ஆகவே பயமில்லாமல் வெட்டிப் பழகுங்கள்.

குரல் ட்ராக்கில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டினால் மிஞ்சியிருக்கும் மின் இரைச்சலும், வாகன உறுமலும் குறையும். தப்பில் அதே வடிகட்டியை வைக்காதீர்கள், அதன் வயிறு அங்கேதான் இருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் அமுக்கிக்கு எல்.எஸ்.பி., எதிரொலிக்கு டிராகன்ஃபிளை ரிவர்ப் என்ற இலவசச் செருகிகள் நல்லவை. எதிரொலியை மிகக் குறைவாக வையுங்கள். கூடினால் அது திறந்தவெளிக் கூத்தைக் கல்யாண மண்டபத்தில் நடந்தது போல் ஆக்கிவிடும். சேர்த்து முடிந்ததும் மலிவான கைபேசி ஒலிபெருக்கியிலும், முடிந்தால் ஓர் ஓட்டோவிலும் போட்டுக் கேளுங்கள். நம் ஆட்கள் அங்கேதான் கேட்கப்போகிறார்கள். சொல் புரியாவிட்டால் தப்பைக் குறைக்காமல் குரலை ஒரு டெசிபெல் ஏற்றிப் பாருங்கள்.

ஹைட்ரஜன் என்ற தாள மென்பொருளுக்கு இங்கே சிறப்பான பயன் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தாளத் தொகுப்புகளில் நம் தப்பைத் தேடிக் களைக்காமல், நீங்களே ஒன்று செய்யலாம். தப்படிப்பவரின் சம்மதத்தோடு ஒவ்வொரு வகை அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று பலத்தில் தனித்தனியாகப் பதிந்து, ஓடாசிட்டியில் வெட்டி, ஹைட்ரஜனில் ஒரே அடியின் மூன்று அடுக்குகளாக ஏற்றுங்கள். மெதுவாகத் தட்டினால் மெதுவான பதிவும், ஓங்கித் தட்டினால் ஓங்கிய பதிவும் வரும். டிக்கோயாத் தப்பின் ஒலித் தொகுப்பு ஒன்றை, அடித்தவர் பெயரோடு, திறந்த உரிமத்தில் வெளியிட்டால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அதை இசையில் சேர்ப்பார். அதைப் பொதுவில் விடுவதா என்பதை அடித்தவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெளியே கொடுக்கும்போது மூன்று வடிவில் எடுங்கள். 24 பிட் வேவ் மூலப்பிரதி. ஃப்ளாக், தரம் குறையாமல் சுருக்கிச் சேமிக்க. எம்.பி.3, பகிர. வொட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள். ஒற்றைத் தடத்தில் 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ் பதிவு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும். இரண்டு ட்ராக் ஒரு மணி நேரம் என்றால் ஏறத்தாழ 1 கிகாபைட். ஒரு முழு இரவுக் கூத்தும் சாதாரண பென்டிரைவில் அடங்கும். ஆனால் பென்டிரைவை நம்பி மூலப்பிரதியை விடாதீர்கள். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, ஹட்டனிலோ கண்டியிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும். மைக்கும் வன்தட்டும் வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். இந்த ஈரத்தில் பூஞ்சணம் எதையும் விடாது.

மாசிக்கு முன் கணினியைப் பழகிவிடுங்கள். காமன் நட்டதும் உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் போய், ஒரு பாட்டையாவது பதிய அனுமதி கேளுங்கள். பதிந்த பாட்டின் முதல் பிரதியைப் பாடியவரின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.